லினக்ஸை மேம்படுத்திய பின் மேசைக் கணினியில் ஒலி வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு 22.04-இல் இருந்து 24.04-க்கோ, லினக்ஸ் மின்ட் 21-இல் இருந்து 22-க்கோ மாறிய பிறகு ஒலி நின்றுபோன மேசைக் கணினிகளுக்காக இந்தப் பக்கம் எழுதப்படுகிறது. மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் டியூஷன் சென்டர்கள், மைக் செட் கடைகள், வீடுகள் ஆகியவற்றில் லினக்ஸ் பயன்படுத்துவோர் கேட்கக்கூடிய கேள்விகளை ஒட்டியே பதில்கள் அமைந்துள்ளன. டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் தட்ட வேண்டிய கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். சிறுகோடு இட்டுத் தனித்தனியாக எழுதப்பட்ட எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டுங்கள்.

நேற்று வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கணினி, அப்கிரேட் முடிந்ததும் ஊமையாகிவிட்டது. சவுண்டு கார்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மென்பொருளை மாற்றிய அதே நாளில் வன்பொருளும் தற்செயலாகப் பழுதாவது அரிது. அதனால் புதிய கார்டு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், ஒலி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டறிய வேண்டும்.

கண்மாயில் தண்ணீர் கிடந்தும் கடைமடை வயல் காய்ந்தால், தலைமடையில் இருந்து கால்வாய் வழியே நடந்து எங்கே அடைப்பு என்று பார்ப்பார்கள். இங்கும் அதுதான் முறை. ஒலி முதலில் பாட்டு ஓடும் மென்பொருளில் இருந்து புறப்படுகிறது. அங்கிருந்து ஒலிச் சேவையகத்துக்கு வருகிறது. இன்றைய உபுண்டுவிலும் மின்ட்டிலும் அதன் பெயர் பைப்வயர். பைப்வயர் அதை, லினக்ஸின் உட்கருவான கெர்னலில் உள்ள ஆல்சா என்ற பகுதியிடம் ஒப்படைக்கிறது. ஆல்சாவின் டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள், மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லுக்கு அதை அனுப்புகிறது. நம் ஊர்க் கடைகளில் அசெம்பிள் செய்யப்படும் கணினிகளில் அது பெரும்பாலும் ரியல்டெக் நிறுவனத்தின் ஏ.எல்.சி. வரிசைச் சில்லாக இருக்கும். அதன் பிறகுதான் ஜாக், கேபிள், ஸ்பீக்கர். எந்தக் கட்டம் வரை ஒலி வந்திருக்கிறது என்று தெரியாமல், கண்ணில் பட்ட கட்டளைகளை எல்லாம் தட்டுவதால்தான் சிறிய கோளாறு பெரிதாகிறது. இந்தப் பக்கம் முழுவதும் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

அப்கிரேடில் அப்படி என்னதான் மாறுகிறது?

இரண்டு மாறுகின்றன. ஒன்று கெர்னல். உபுண்டு 22.04 வெளியானபோது அதில் இருந்தது 5.15 கெர்னல், 24.04-இல் வந்தது 6.8. மற்றொன்று ஒலிச் சேவையகம். பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் இதுவே.

லினக்ஸில் ஒலி அமைப்பு ஏற்கெனவே பலமுறை மாறியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு இறுதியில் 2.6 கெர்னல் வந்தபோது, பழைய ஓ.எஸ்.எஸ். முறையின் இடத்தை ஆல்சா பிடித்தது. ஆல்சாவுக்கு மேல் அமர்ந்து பல மென்பொருள்களின் ஒலியைக் கலந்து தரும் பல்ஸ்ஆடியோ, 2007-இல் ஃபெடோரா 8-இலும் 2008-இல் உபுண்டு 8.04-இலும் இயல்பான சேவையகமானது. ரெட்ஹேட் நிறுவனத்தின் பொறியாளர் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021-இல் ஃபெடோரா 34-இலும், 2022 அக்டோபரில் உபுண்டு 22.10-இலும், 2024-இல் லினக்ஸ் மின்ட் 22-இலும் பல்ஸ்ஆடியோவின் வேலையை ஏற்றுக்கொண்டது. ஆகவே 22.04-இல் இருந்து நேராக 24.04-க்குத் தாவுபவர், கெர்னல் மாற்றத்தையும் சேவையக மாற்றத்தையும் ஒரே தாவலில் கடக்கிறார்.

எந்த ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று நீங்கள் பழைய பல்ஸ்ஆடியோவில் வைத்திருந்த தேர்வுகள் பைப்வயருக்குக் கைமாறுவதில்லை. புதிய சேவையகம் எல்லாவற்றையும் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்து, தானே ஒரு வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வு உங்கள் விருப்பத்தோடு ஒத்துப்போகாதபோது, ஒலி உண்மையில் வெளியே போய்க்கொண்டிருந்தும் உங்கள் காதுக்கு வருவதில்லை.

டெர்மினலைத் திறப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்பீக்கரின் மின்னிணைப்பையும் திருகையும் பாருங்கள். கேபினெட்டின் பின்புறத்தில் ஸ்பீக்கர் கேபிள் பச்சை நிறத் துளையில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது, நீலம் உள்ளீட்டுக்கு உரியது. அப்கிரேடுக்கு முன் மேசையைத் துடைத்துக் கேபிள்களைக் கழற்றி மாட்டியிருந்தால், இங்கேயே விடை கிடைத்துவிடலாம். அந்த ஸ்பீக்கரைக் கைப்பேசியில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டால், ஸ்பீக்கர் மீதான ஐயமும் தீர்ந்துவிடும்.

பிறகு அமைப்புகள் பகுதியில் ஒலி என்ற பக்கத்தைத் திறந்து, வெளியீட்டுக் கருவியாக எது காட்டப்படுகிறது என்பதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே "டம்மி அவுட்புட்" என்று மட்டும் இருந்தால், கணினி எந்த ஒலிக் கருவியையும் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். அதற்கான பதில் கீழே தனியாக உள்ளது. கருவியின் பெயர் எதுவாவது தெரிந்தால், கெர்னலும் டிரைவரும் ஏதோ ஒரு கருவி வரையிலாவது சரியாக இருக்கின்றன.

வெளியீடு என்ற இடத்தில் எச்.டி.எம்.ஐ. என்று காட்டுகிறது. ஆனால் என் மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லையே?

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய இரண்டும் படத்தோடு ஒலியையும் கொண்டு செல்லக்கூடியவை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்று தனியாக ஓர் ஒலிப் பகுதி இருப்பதால், மதர்போர்டின் ஒலிச் சில்லோடு சேர்த்துக் கணினியில் இரண்டு கருவிகள் தெரியும். மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்பதைச் சேவையகம் சரியாக அறிந்துகொள்ள முடிவதில்லை. பட்டியலில் "லைன் அவுட்" அல்லது "அனலாக் ஸ்டீரியோ" என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துச் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பைப்வயரின் துணைச் சேவையான வயர்பிளம்பர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். யு.எஸ்.பி. ஹெட்செட்டைச் செருகியதும் ஒலி அதற்குத் தாவி, கழற்றிய பின் திரும்பாமல் இருந்தாலும் செய்ய வேண்டியது இதுவே.

அனலாக் என்ற பெயரே பட்டியலில் இல்லை என்றால், "பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்" என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பெயரில் பல்ஸ்ஆடியோ இருந்தாலும் பைப்வயரோடும் அது இயல்பாக இயங்கும். அதன் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புரொஃபைல் இருக்கும். உங்கள் மதர்போர்டின் கார்டு "ஆஃப்" என்ற நிலையில் இருந்தால், "அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்" என்று மாற்றுங்கள்.

அதே இடத்தில் 5.1 சரவுண்டு என்ற புரொஃபைலைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே உள்ள வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆறு தடங்கள் கொண்ட திரைப்படத்தைப் போட்டால், பின்னணி இசை கேட்கும், வசனம் கேட்காது. வசனத்துக்கு உரிய நடுத்தடம், எதுவுமே செருகப்படாத வேறொரு துளைக்குப் போய்க்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். ஒலி பாதி வருகிறது, பாதி வரவில்லை என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

சரியான கருவிதான் தேர்வாகியிருக்கிறது. பாட்டுக்கு ஏற்ப அளவுமானியும் ஆடுகிறது. ஆனாலும் ஸ்பீக்கரில் சத்தமில்லை. ஏன்?

அளவுமானி ஆடுகிறது என்றால் மென்பொருளில் இருந்து பைப்வயர் வரை ஒலி வந்துவிட்டது. அடைப்பு அதற்குக் கீழே, ஆல்சாவிலோ ஜாக்கிலோ இருக்கிறது. டெர்மினலைத் திறந்து ஆல்சாமிக்சர் என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள்.

திறந்தவுடன் ஒற்றைப் பட்டை ஒன்று மட்டும் நின்றால், அது பைப்வயரின் பொதுவான அளவுப் பட்டை; உண்மையான கார்டு அன்று. பலரும் இதைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். எஃப்6 விசையை அழுத்தினால் கார்டுகளின் பட்டியல் வரும். இன்டெல் மதர்போர்டு என்றால் எச்.டி.ஏ. இன்டெல் என்று தொடங்கும் பெயரும், ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் எச்.டி. ஆடியோ ஜெனெரிக் என்ற பெயரும் இருக்கும். ஏ.எம்.டி. கணினிகளில் எச்.டி.எம்.ஐ. பகுதியும் இதே பெயரில் தெரியக்கூடும் என்பதால், உள்ளே ஹெட்போன், லைன் அவுட் போன்ற பட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டைத் தேர்ந்தெடுத்ததும் மாஸ்டர், ஹெட்போன், பி.சி.எம்., ஃப்ரண்ட், லைன் அவுட் என்று பல பட்டைகள் அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் எம் என்ற எழுத்து இருமுறை இருந்தால் அந்தப் பட்டை மியூட்டில் உள்ளது. இரண்டு சுழியங்கள் இருந்தால் திறந்துள்ளது. இடம் வலம் அம்புக்குறிகளால் அந்தப் பட்டைக்குச் சென்று எம் விசையை அழுத்தினால் மியூட் நீங்கும். மேல் அம்புக்குறி அளவை உயர்த்தும். மாஸ்டர் திறந்திருந்து ஃப்ரண்ட் அல்லது லைன் அவுட் மட்டும் மூடியிருப்பதே இங்கு வழக்கமான கோளாறு என்பதால், வலக்கோடி வரை சென்று ஒவ்வொன்றையும் பாருங்கள்.

வலப்பக்கத்தில் ஆட்டோ மியூட் மோட் என்ற ஒரு கட்டமும் இருக்கலாம். ஹெட்போன் செருகியிருப்பதாகக் கணினி உணர்ந்தால், இது பின்பக்க ஸ்பீக்கரைத் தானாக நிறுத்திவிடும். செருகாத ஹெட்போனைச் செருகியிருப்பதாகக் கணினி நினைத்தால், ஸ்பீக்கர் காரணமின்றி நின்றுபோகும். அந்தக் கட்டத்தில் கீழ் அம்புக்குறியை அழுத்தி "டிஸேபிள்டு" என்று மாற்றிப் பாருங்கள்.

ஒலி வந்ததும் எஸ்கேப் விசையால் வெளியேறி, நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ என்ற சொல்லை முதலில் தட்டி, இடம் விட்டு ஆல்சா-சி-டி-எல் என்று தட்டி, இடம் விட்டு ஸ்டோர் என்று தட்டினால், நீங்கள் வைத்த நிலை சேமிக்கப்பட்டு அடுத்த தொடக்கத்திலும் மீட்கப்படும்.

பின்பக்கம் ஒலிக்கிறது, கேபினெட்டின் முன்பக்க ஹெட்போன் துளை மட்டும் வேலை செய்யவில்லை. இதுவும் அப்கிரேடின் கோளாறா?

ஒரு பாதி அப்படித்தான். விலை குறைந்த கேபினெட்டுகளில் முன்பக்க ஒலித் துளையில் இருந்து வரும் கேபிளின் நுனியில் இரண்டு பிளக்குகள் இருப்பதுண்டு. ஒன்றில் எச்.டி. ஆடியோ என்றும் மற்றொன்றில் ஏ.சி.97 என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டும் மதர்போர்டின் அதே ஊசிகளில் பொருந்தும் என்பதால், அசெம்பிள் செய்தவர் ஏ.சி.97 பிளக்கை மாட்டியிருக்கலாம். அந்தப் பழைய முறையில் செருகப்பட்டதை உணரும் கம்பி கிடையாது. அதனால் செருகியபோதும் செருகவில்லை என்றோ, செருகாதபோதும் செருகியிருப்பதாகவோ மதர்போர்டு தவறாக உணரக்கூடும். நீங்கள் முன்பு கையால் செய்திருந்த ஏதோ ஒரு தேர்வினால் இத்தனை நாளும் அந்தக் குறை மறைந்திருந்து, அப்கிரேடில் அந்தத் தேர்வு அழிந்ததும் வெளியே தெரிந்திருக்கும்.

நிலையான தீர்வு, கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, எச்.டி. ஆடியோ பிளக்கை மாற்றி மாட்டுவதுதான். கேபினெட்டைத் திறக்க விரும்பாதவர்கள், வால்யூம் கண்ட்ரோல் மென்பொருளின் அவுட்புட் டிவைசஸ் தாவலில் போர்ட் என்ற பட்டியலை விரித்து, செருகப்படவில்லை என்ற குறிப்போடு இருக்கும் ஹெட்போனையே தேர்ந்தெடுக்கலாம். அமைப்புகளின் ஒலிப் பக்கத்தில் செருகப்படாத துளைகள் காட்டப்படுவதில்லை. இந்த மென்பொருளில் காட்டப்படும்.

"டம்மி அவுட்புட்" என்று மட்டும்தான் வருகிறது. இனி என்ன செய்வது?

இதுவே கொஞ்சம் கடினமான நிலை; நிதானமாகக் கீழிருந்து மேலே வர வேண்டும்.

முதலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று தட்டி, வரும் பட்டியலில் ஆடியோ என்ற சொல் உள்ள வரிகளைத் தேடுங்கள். மதர்போர்டின் ஒலிப் பகுதி அதில் இல்லையென்றால் சிக்கல் லினக்ஸுக்கு வெளியே இருக்கிறது. லினக்ஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று ஆன்போர்டு ஆடியோ என்ற அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள் மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கணினியின் தேதியும் பின்னோக்கிப் போயிருந்தால் அதுவே அடையாளம்.

பட்டியலில் வன்பொருள் இருந்தால், அடுத்து ஏ என்ற எழுத்தோடு பிளே என்ற சொல்லை ஒட்டித் தட்டி, இடம் விட்டு, ஒரு சிறுகோடும் எல் என்ற சிறிய எழுத்தும் தட்டுங்கள். கார்டுகளின் பெயர்கள் வந்தால் டிரைவர் ஏறிவிட்டது. சேவையகம்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கார்டே இல்லை என்று வந்தால் டிரைவர் ஏறவில்லை.

டிரைவர் ஏறாததற்கு நான் முதலில் ஐயுறுவது பாதியில் நின்ற நிறுவலைத்தான். உபுண்டுவில் கெர்னல் பல பொதிகளாக, அதாவது நிறுவல் தொகுப்புகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒலி டிரைவர்களில் பெரும்பகுதி "லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா" என்று பெயர் தொடங்கும் பொதியில் இருக்கிறது. கெர்னல்கள் வைக்கப்படும் பூட் பகுதியைச் சிறிய அளவில் தனியாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு, பழைய கெர்னல்கள் அதில் சேர்ந்து சேர்ந்து இடம் நிறைந்துவிடும். அப்போது கெர்னல் நிறுவல் நடுவழியில் நின்று, சில பொதிகள் ஏறாமல் போகக்கூடும். யூநேம் என்று தட்டிச் சிறுகோடும் ஆர் எழுத்தும் சேர்த்தால், இப்போது ஓடும் கெர்னலின் எண் வரும்; அதே எண்ணுக்கு உரிய மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அடுத்து ஐயுற வேண்டியது, முன்பு எப்போதோ எழுதப்பட்ட அமைப்புக் கோப்புகள். ஈ-டி-சி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) மாட்புரோப் டாட் டி என்ற துணை அடைவில், பழைய மதர்போர்டுக்காக எச்.டி.ஏ. இன்டெல் டிரைவருக்கு ஒரு மாடல் பெயரைக் கொடுத்த வரியோ, டிரைவரைத் தடுத்துவைத்த பிளாக்லிஸ்ட் வரியோ இருக்கலாம். அப்கிரேட் இவற்றை அழிப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால், அதன் தொடக்கத்தில் # என்ற எண் குறியை இட்டுச் செயலிழக்கச் செய்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அழிக்க வேண்டாம், தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரலாம்.

கணினி தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிப்ட் விசையை அழுத்தி, க்ரப் என்ற தொடக்கப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. பழைய கெர்னலில் ஒலி வந்து புதியதில் வராவிட்டால், கோளாறு கெர்னலிலோ அதன் பொதிகளிலோ இருப்பது உறுதியாகிறது; திருத்தம் வரும் வரை பழையதிலேயே வேலை செய்யலாம்.

அப்கிரேட் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கணினி தொடங்குகிறது, ஒலி இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டியதில்லை. பொதி மேலாளர் தான் எதுவரை முடித்தது என்பதைக் குறித்து வைத்திருக்கிறது. டெர்மினலில் சூடோ, அடுத்து டி-பி-கே-ஜி, அடுத்து இரண்டு சிறுகோடுகளோடு கான்ஃபிகர், பிறகு ஒரு சிறுகோடோடு ஏ என்று தட்டினால், விட்ட இடத்தில் இருந்து அது தொடரும். அது முடிந்ததும் சூடோ ஏ-பி-டி என்று தட்டி, ஒரு சிறுகோடும் எஃப் எழுத்தும் சேர்த்து இன்ஸ்டால் என்றால், பொதிகளுக்கு இடையே அறுந்த சார்புகள் சரியாகும். பின்னர் வழக்கமான அப்டேட்டையும் அப்கிரேடையும் ஒருமுறை ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் பதிப்பு மேம்படுத்தலைத் தொடங்குவதற்கு முன், நாளிதழில் மறுநாள் மின்தடைப் பகுதிகளின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது மிக அவசியம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் நிறுத்தும் நாளில் காலையில் இருந்து மாலை வரை மின்சாரம் இராது; காலையில் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் அன்றைக்கு உதவாது.

பல்ஸ்ஆடியோவை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகும் என்கிறார்களே?

பழைய பதிப்புகளுக்காகச் சொல்லப்பட்ட அந்த ஆலோசனை 24.04-இல் தீங்கு செய்யும். பல்ஸ்ஆடியோ சேவையகத்தை மீண்டும் நிறுவினால், அது பைப்வயரின் பல்ஸ் பகுதியோடு ஒரே கருவிக்காக மோதும். அல்லது பைப்வயர் பொதிகளையே வெளியேற்றிவிடும். எந்தச் சேவையகம் ஓடுகிறது என்பதை அறிய, பி-ஏ-சி-டி-எல் என்று தட்டி, இடம் விட்டு, இன்ஃபோ என்று தட்டுங்கள். சர்வர் நேம் என்ற வரியில் பல்ஸ்ஆடியோ என்ற பெயரோடு, பைப்வயர் மீது ஓடுகிறது என்ற குறிப்பும் பதிப்பு எண்ணும் இருந்தால் நிலைமை சரி. பல்ஸ்ஆடியோ என்று மட்டும் இருந்தால் பழையது இன்னும் ஓடுகிறது. தொடர்பே கிடைக்கவில்லை என்று வந்தால், பைப்வயர் பல்ஸ், வயர்பிளம்பர் ஆகிய இரண்டு பொதிகளும் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்கிரேடில் வயர்பிளம்பர் விடுபட்டுப்போனால், பைப்வயர் ஓடினாலும் எந்தக் கார்டையும் அது திறக்காது. அப்போதும் டம்மி அவுட்புட்தான் வரும்.

சேவைகளை மறுதொடக்கம் செய்ய, சிஸ்டம்-சி-டி-எல், அடுத்து இரண்டு சிறுகோடுகளோடு யூசர், அடுத்து ரீஸ்டார்ட், அடுத்து வயர்பிளம்பர், பைப்வயர், பைப்வயர் சிறுகோடு பல்ஸ் ஆகிய மூன்று பெயர்கள் என்ற வரிசையில் தட்டுங்கள். இதற்குச் சூடோ சேர்க்கக் கூடாது. இந்தச் சேவைகள் உங்கள் பயனர் கணக்கில் ஓடுபவை. ஒலி மென்பொருள்களைச் சூடோவோடு ஓட்டினால், உங்கள் வீட்டு அடைவில் சில கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் உடைமையாகி, பிறகு உங்களாலேயே அவற்றில் எழுத முடியாத நிலை வரக்கூடும்.

உங்கள் பெயரை ஆடியோ குழுவில் சேர்க்கச் சொல்லும் ஆலோசனையையும் தவிர்த்துவிடுங்கள். இப்போது திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் யாரோ, அவருக்கே ஒலிக் கருவியின் உரிமையைத் தரும் ஏற்பாடு இன்றைய லினக்ஸில் இருக்கிறது. அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டவரின் கணக்கு, அவர் எழுந்து போன பிறகும் கருவியைப் பிடித்து வைத்திருக்க முடியும். அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கணக்கு வைத்து ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில், ஒருவருக்கு மட்டும் ஒலி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பைப்வயர் நினைவில் வைத்த தேர்வுகளே குழம்பியிருப்பதாகத் தோன்றினால், வீட்டு அடைவில் டாட் லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் என்ற அடைவின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

மைக் செட் கடையில் பாட்டுப் போடுவதற்குக் கணினி வைத்திருக்கிறோம். ஒலி வருகிறது, ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் முதல் எழுத்து விழுங்கப்படுகிறது. என்ன காரணம்?

சற்று நேரம் ஒலி ஓடாதபோது ஒலிச் சில்லை உறங்கவைத்து மின்சாரம் சேமிக்கும் வசதி டிரைவரிலும் உண்டு, சேவையகத்திலும் உண்டு. பாட்டு தொடங்கும்போது சில்லு விழித்தெழுவதற்குள் தொடக்கம் நழுவிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் "டப்" என்ற ஓசையும் கேட்கலாம். வீட்டில் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்தக் குறை, கோயில் விழாவில் அறிவிப்பின் முதல் சொல்லையே தின்றுவிடும் என்பதால், உங்களுக்கு இதைச் சரிசெய்வது முக்கியம். மாட்புரோப் டாட் டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, எச்.டி.ஏ. இன்டெல் டிரைவருக்கான பவர் சேவ் மதிப்பைச் சுழியமாக வைத்தால் டிரைவர் உறங்காது.

ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளைப் பின்பக்கப் பச்சைத் துளையில் இருந்தே எடுங்கள். முன்பக்கத் துளையைத் தொழிலுக்கு நம்ப வேண்டாம். இடைவிடாத "உம்" என்ற இரைச்சல் கேட்டால் அது எர்த் இணைப்பைச் சேர்ந்தது. லினக்ஸ் பதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சித்திரைத் திருவிழா நெருங்கும் நேரத்தில் பதிப்பு மாற்ற வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். உபுண்டு 22.04-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை உண்டு. சீசன் முடியட்டும்.

எனக்குப் பார்வை இல்லை. ஆர்கா திரைவாசிப்பானை நம்பித்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். ஒலி போனால் திரையும் போனது போலத்தானே?

உண்மை. பார்வையுள்ளவருக்கு ஒலி நின்றால் பாட்டு நிற்கிறது. உங்களுக்குக் கணினியே நின்றுவிடுகிறது. பதிப்பு மேம்படுத்தலின் தரத்தை நான் அளப்பது இந்தக் கேள்வியை வைத்துத்தான். பார்வையற்றோருக்கான கல்வி நிலையங்களும் பயிற்சிக் கூடங்களும் மதுரையிலும் உள்ளன; அங்குள்ள கணினிகளை மேம்படுத்துபவர்கள், பயனர் திரும்ப அமர்வதற்கு முன் ஒலியைச் சோதித்துவிட வேண்டும்.

ஒலி நின்றுவிட்டால், கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். மேலே சொன்ன சேவை மறுதொடக்கக் கட்டளையை அதில் தட்டி என்டரை அழுத்துங்கள். பிறகு விண்டோஸ் விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் ஆர்கா நிற்கும், மறுமுறை அழுத்தினால் தொடங்கும். பாட்டு கேட்கிறது, ஆர்கா மட்டும் பேசவில்லை என்றால், கோளாறு ஸ்பீச் டிஸ்பேச்சர் என்ற இடைச்சேவையில் இருக்கிறது. எஸ்-பி-டி சிறுகோடு சே என்று தட்டி, ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்தால் அது பேசுகிறதா என்று தெரியும்.

மேம்படுத்தலுக்கு முன்பே இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். செருகியதும் இயங்கும் யு.எஸ்.பி. சவுண்டு அடாப்டர் ஒன்றை வாங்கி, வேலை செய்கிறதா என்று இப்போதே சோதித்து வையுங்கள். மதர்போர்டின் ஒலி நின்றால் இதுவே மாற்று வழி. எஸ்.எஸ்.எச். சேவையையும் நிறுவி வைத்தால், பேசும் வேறொரு கணினியில் இருந்தோ கைப்பேசியில் இருந்தோ இந்தக் கணினிக்குள் நுழைந்து, கட்டளைகளின் விடையைக் கேட்டறிந்து சரிசெய்யலாம்.

பிரவுசரில் ஒலி வருகிறது, வி.எல்.சி.யில் மட்டும் வரவில்லை.

வி.எல்.சி.யின் அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குச் சென்று, அவுட்புட் மாட்யூல் என்பது ஆல்சாவாக ஒரு குறிப்பிட்ட கார்டோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயல்புநிலைக்கு மாற்றினால் போதும். வீட்டு அடைவில் டாட் ஏ-சவுண்ட்-ஆர்-சி என்ற மறைகோப்பு இருந்தாலும் இதே விளைவு வரும். வெப்கேமராவின் மைக்கும் ஒரு சவுண்டு கார்டாகவே எண்ணப்படுவதால், கார்டுகளின் வரிசை எண் மாறி, அந்தக் கோப்பு சொல்லும் எண் இப்போது கேமராவைக் குறிக்கக்கூடும்.

விண்டோஸும் அதே கணினியில் உள்ளது. விண்டோஸில் இருந்து மாறி வரும்போது மட்டும் ஒலி இல்லை.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. அதை நிறுத்திவிட்டு, கணினியை அணைத்து, பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சையும் சிறிது நேரம் அணைத்து வைத்துப் பிறகு லினக்ஸைத் தொடங்குங்கள்.

எதுவும் பலிக்கவில்லை. வன்பொருள்தான் பழுது என்று எப்போது முடிவு செய்வது?

பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் லைவ் முறையில் தொடங்கிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் வன்பொருள் நலமாக இருக்கிறது. அதிலும் வராமல், விண்டோஸிலும் வராமல், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ இயக்கத்திலும் இருந்தால், ஒலிச் சில்லோ துளையோ பழுது என்று கொள்ளலாம். அப்போதும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை, யு.எஸ்.பி. சவுண்டு அடாப்டர் போதும்.

வன்பொருள் நலமாக இருந்து புதிய பதிப்பில் மட்டும் ஒலி இல்லையென்றால், அது முறையாகத் தெரிவிக்க வேண்டிய வழு. ஆல்சா இன்ஃபோ என்ற ஸ்கிரிப்ட், ஒலிச் சில்லின் பெயர், கெர்னல் எண், ஒவ்வொரு பட்டையின் நிலை ஆகியவற்றை எல்லாம் ஒரே கோப்பில் திரட்டித் தரும். அந்தக் கோப்பை இணைத்து, மதர்போர்டின் மாதிரிப் பெயர், எந்தப் பதிப்பில் இருந்து எதற்கு மாறினீர்கள், பழைய கெர்னலில் ஒலி வந்ததா, லைவ் முறையில் வந்ததா ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒலி வரவில்லை என்று மட்டும் எழுதிய புகாரை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் டிரைவர் எழுதுபவரால் எதுவும் செய்ய முடியாது. இந்த நான்கும் இருந்தால், உங்கள் மதர்போர்டுக்கென ஒரு திருத்தம் கெர்னலில் சேர வழியுண்டு.